பெட்டி 88

டிம்மின்ஸுக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகை.
இரவு இரண்டு மணி.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.

மேசைமேல் பெட்டி 88:
நானூற்றுப் பதினொன்றரை மீட்டரிலிருந்து
நானூற்றுப் பதினாறு வரை
பூமியை முறித்து அடுக்கிய
மூன்று வரிசைக் கல்.

கல்லைப் பார்க்காமல்
பெட்டி மூடியில் மெழுகுப் பென்சிலால்
வேறொன்றைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

நாலு வருடக் கட்டணம்.
கோடைக்காலக் களப்பயிற்சி தனி,
மூவாயிரத்து இருநூறு,
கொசுக்களோடு கூடாரத்தில் தூங்குவதற்கு.
பூட்ஸ். சுத்தியல்.
முதல் மாதமே ஏரியில் விழுந்த கைலென்ஸ்,
அதற்குப் பதில் இன்னொரு கைலென்ஸ்.
ஆகக் கடன் நாற்பத்தேழாயிரத்து அறுநூறு.
மாதம் நானூறு வீதம்
பதினான்கரை வருடம்.

இந்தக் கல்லுக்கு அது ஒரு கொட்டாவி.
வங்கி கல் அல்ல.

விடுதியில் என் அறைத்தோழி கைஸா ஹியேதாலா
இரண்டாம் வருடமே கணக்கியலுக்கு மாறினாள்.
இன்று டொரோண்டோவில் உட்கார்ந்து
இந்தச் சுரங்கத்தின் சம்பளப் பட்டியல் போடுகிறாள்.
நான் வாங்குவது எவ்வளவென்று
அம்மாவுக்குத் தெரியாது,
கைஸாவுக்குப் பைசா சுத்தமாகத் தெரியும்.
கிறிஸ்துமஸுக்கு நல்ல விலையில்
கையுறை அனுப்பியிருந்தாள்.

தங்கம் ஏறினால் ஊரில் வாடகை ஏறும்.
தங்கம் இறங்கினால் நான் இறங்க வேண்டும்.
போன சரிவில்
ஒரே வெள்ளிக்கிழமை பதினொரு பேர்.
அவர்களில் லோர்னா பீட்டன்,
பன்னிரண்டு வருட அனுபவம்,
மளிகைக் கடையில் இப்போது
சுட்ட கோழியை எடை போடுகிறாள்.
கிராம் சுத்தமாக இருக்கும் என்கிறார்கள்.

தம்பி ரெமி
பள்ளி முடித்த மறுவாரமே
துளை எந்திரத்துக்கு எடுபிடியாகப் போனான்.
இந்தக் கல்லை மேலே இழுத்ததும் அவன்தான்.
மணிக்கு என்னைவிட நாலு டாலர் கூடுதல்,
மீட்டருக்கு மீட்டர் போனஸ் வேறு.
வீட்டு வாசலில் அவனுடைய புது வண்டி.
அதன் பின்னால் என் பழைய வண்டி,
பனியில் பாதி புதைந்து.

சாம்பல் படிந்தது.
அதன்மேல் களி படிந்தது.
இருநூற்றெழுபது கோடி வருடம் கழித்து
நான் படித்தேன்.
இதில் எது எனக்குப் படியளக்கும்?

பென்சிலை வைத்துவிட்டு
கல்மேல் தண்ணீர் தெளித்தேன், வேலை வேலைதானே.
நானூற்றுப் பதினான்கு புள்ளி இரண்டில்
ஒரு கரும்பச்சைக் கோடு,
கட்டைவிரல் அகலம்.

கடலடியில் பிதுங்கிய எரிகுழம்பு
குளிர்நீரைத் தொட்டதும் சுருங்கிய தோல்.
நொடிகூட இருக்காது.
மீன் என்று ஒன்று இல்லாத கடலில்
சுரீரென்று ஒரு நொடி,
இதோ என் ஈரக் கைக்குக் கீழே.

பதிவேட்டில் எழுதினேன்:
குளிர்ந்த விளிம்பு. பொன் இல்லை.
மூடிக் கணக்கைத் திரும்பப் பார்த்தேன்.
இதை வரவில் எழுதவா, செலவிலா?

ஆறு மணிக்கு ரெமி வந்தான்
மீசையில் பனியோடு.
வலது தோளைத் தூக்க முடியாமல்
இடது கையால் கதவைச் சாத்தினான்.
மூன்று வாரமாக அப்படித்தான்;
மேலாளரிடம் சொல்லவில்லை.

“அது என்ன கோடு?”
சொன்னேன்.
குனிந்து பார்த்தான், வெகுநேரம்,
கல் காய்ந்து மறுபடி சாம்பலாகும்வரை.
அவனே தண்ணீர் தெளித்தான்.

பிறகு, என்னைப் பார்க்காமல்:
“அந்தப் படிப்பு...
எத்தனை வருஷம்?
இப்ப நான் சேர்ந்தா சேத்துக்குவாங்களா?”

மூடியின் மேல்
என் முழங்கை இருந்தது.
சட்டைக்கையால் ஒருமுறை தேய்த்தேன்,
இன்னொரு முறை.

மெழுகு அழியவில்லை.
“உட்கார்” என்றேன்.